பி.என்.பி. செத்தது சரி, ஓட்டு எங்கே போனது?

பிரிட்டனின் வலதுசாரித் தலைவர் நைஜல் ஃபராஜின் ஆதரவாளர்கள் ஒரு பெருமை பேசுவார்கள். பிரிட்டனில் பி.என்.பி. (பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி) என்ற இனவாதக் கட்சியை ஒழித்ததே எங்கள் ஆள்தான் என்று. ஃபராஜே இதை மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. 2010 பொதுத் தேர்தலில் 338 இடங்களில் நின்று ஐந்தரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கிய கட்சி, 2015-ல் எட்டே இடங்களில் நின்று இரண்டாயிரம் ஓட்டுகூட வாங்கவில்லை. ஆனால் அந்த ஐந்தரை லட்சம் பேரும் ஒரே ராத்திரியில் மனம் திருந்திவிட்டார்களா என்ன?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2008-ல் யூகிப் கட்சியின் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற கட்சி அது, அப்போது தலைவர் ஃபராஜ். கொண்டுவந்தவர் பஸ்டர் மொட்ரம், பழைய டென்னிஸ் வீரர். வரப்போகும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பி.என்.பி. வடக்கே நிற்கட்டும், நாம் தெற்கே நிற்போம், ஒருவர் ஓட்டை ஒருவர் பிரிக்க வேண்டாம் என்றார். யோசனையைத் தூக்கி எறிந்து, அவரையும் கட்சியை விட்டு அனுப்பினார்கள். பி.என்.பி.யில் ஒரு நாள் இருந்தவன்கூட இங்கே உறுப்பினராக முடியாது என்று விதியும் வைத்திருந்தார்கள். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது மறுப்பு அல்ல, அந்த வடக்கு-தெற்குக் கணக்குதான். இரண்டு பேரும் ஒரே குளத்தில்தான் தூண்டில் போடுகிறார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். பி.என்.பி. 1982-ல் நேஷனல் ஃப்ரண்ட் என்ற பழைய தீவிர வலதுசாரிக் கட்சி உடைந்ததில் பிறந்தது, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 2010 வரை, நீதிமன்றம் வரை இழுக்கப்படும்வரை, வைத்திருந்த கட்சி. யூகிப்பை 1993-ல் தொடங்கிய ஆலன் ஸ்கெட் லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், அவருடைய சண்டை பிரஸ்ஸல்ஸோடு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தோடு மட்டும்தான். 1997-லேயே கட்சியை விட்டு விலகி, தவறான ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்று அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவரும் அவரே.

ஆனால் 2004-ல் போலந்து உட்பட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்து, பிரிட்டன் தன் வேலைச் சந்தையை உடனே திறந்துவிட்ட பிறகு, "ஐரோப்பா" என்பதும் "குடியேற்றம்" என்பதும் ஒரே பேச்சாகிவிட்டது. யூகிப்புக்கு அது வரம். பி.என்.பி. சொன்னால் கேட்கக் கூச்சமாக இருந்த விஷயத்தை, கையில் பீர் கோப்பையோடு கோட் சூட் போட்ட ஃபராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார். 2016 பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் யூகிப் வெளியிட்ட, ஸ்லோவேனியா எல்லையில் அகதிகள் வரிசையாக நடந்துவரும் அந்தப் போஸ்டரை யாரும் மறந்திருக்க முடியாது. ஸ்கெட்டின் கட்சியில் அதை அச்சடித்திருப்பார்களா?

2009-ஐ வைத்துத்தான் பலர் தப்புக்கணக்கு போட்டார்கள். அந்த ஐரோப்பியத் தேர்தலில் பி.என்.பி. தலைவர் நிக் கிரிஃபின் வடமேற்கில் ஜெயித்ததும், ஏதோ பாசிச அலை என்று அலறினார்கள். உண்மையில் அங்கே பி.என்.பி. வாங்கிய மொத்த ஓட்டு 2004-ஐ விடக் கொஞ்சம் குறைவு! எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழலில் லேபர் சரிந்ததாலும், விகிதாசார முறை இருந்ததாலும் சீட் கிடைத்தது. அதே தேர்தலில் யூகிப் 13 இடம் பிடித்ததைச் சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஐந்து வருடம் கழித்து, 2014-ல், யூகிப் 24 இடங்களோடு முதலிடம். கிரிஃபின் வீட்டுக்கு.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1979-ல் நேஷனல் ஃப்ரண்ட் 303 இடங்களில் நின்று எல்லா இடத்திலும் டெபாசிட் இழந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் தாட்சர் டிவி பேட்டியில், வேற்றுப் பண்பாட்டுக்காரர்களால் மூழ்கடிக்கப்படுவோமோ என்று மக்கள் பயப்படுகிறார்கள் என்று பேசியிருந்தார். கட்சி காலி, பேச்சு மட்டும் பெரிய கட்சிக்குள் குடிபோய்விட்டது.

நான் சொல்ல வருவது இதுதான்: தொகுதியில் முதலில் வருபவனுக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையில், இந்தப் பக்கத்தில் ஒரு கட்சிதான் பிழைக்க முடியும். எது பிழைக்கும்? தன்னைவிட மோசமான ஒருவனைக் காட்டி "நான் அவன் இல்லை" என்று சொல்ல முடிந்த கட்சி. ஃபராஜுக்கு இது அத்துப்படி. 2018-ல் யூகிப் தலைவர் பேட்டன், இஸ்லாம் எதிர்ப்புப் பிரசாரகர் டாமி ராபின்சனை ஆலோசகராகச் சேர்த்ததும் ஃபராஜ் வெளியேறினார். அடுத்த வருட ஐரோப்பியத் தேர்தலில் அவருடைய பிரெக்ஸிட் கட்சி 30 சதவீதத்துக்கு மேல், யூகிப் மூன்று சொச்சம். கொள்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமா? கிடையாது. மரியாதைதான் ஓட்டு.

இப்போது பாருங்கள். 2024 பொதுத் தேர்தலில் ரிஃபார்ம் (அதே பிரெக்ஸிட் கட்சிதான், பெயர் மாறியது) 14 சதவீத ஓட்டோடு 5 இடம் பிடித்தது. இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த ஜியா யூசுஃபை, ஃபராஜுக்குக் கீழே, கட்சியின் நிர்வாகத் தலைவர் (சேர்மன்) பொறுப்பில் உட்கார வைத்தார்கள், அதுவும் அந்த மரியாதைக் கணக்குதான் என்பது என் எண்ணம். ஆனால் வலது பக்கத்திலிருந்து குடைச்சல் நிற்கவில்லை. டாமி ராபின்சனைச் சேர்க்க மறுத்ததற்காக 2025 ஜனவரியில் ஈலோன் மஸ்க்கே ஃபராஜ் தலைமைக்கு லாயக்கில்லை என்றார். மார்ச்சில் ரிஃபார்மிலிருந்து நீக்கப்பட்ட எம்.பி. ரூபர்ட் லோ ரெஸ்டோர் பிரிட்டன் என்று ஆரம்பித்தார், முன்னாள் துணைத் தலைவர் பென் ஹபீப் அட்வான்ஸ் யூகே என்று ஆரம்பித்தார். 2024 செப்டம்பரில், லட்சக்கணக்கானவர்களை நாடு கடத்துவது அரசியல்ரீதியாக நடக்காத காரியம் என்று பேட்டி கொடுத்த அதே ஃபராஜ், 2025 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்தால் ஐந்து வருடத்தில் ஆறு லட்சம் பேர்வரை அனுப்புவேன் என்று திட்டம் வெளியிட்டார். லோவிடம் ஒரு சீட்தான் இருக்கிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

சின்னக் கட்சிகளால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் 2025 மே மாத ரன்கார்ன் இடைத்தேர்தலைப் பார்க்கலாம். ரிஃபார்ம் ஜெயித்தது, வித்தியாசம் 6 ஓட்டு. அதே தேர்தலில் இங்கிலீஷ் டெமாக்ரட்ஸ் சார்பில் நின்று, கொஞ்சமாக என்றாலும் 6-ஐ விட அதிகமாகவே ஓட்டைப் பிரித்தவர் கேத்தரின் பிளேக்லாக். பிரெக்ஸிட் கட்சியின் முதல் தலைவர் அவர்தான்; முஸ்லிம்களுக்கு எதிராகப் போட்ட ட்வீட்களால் 2019-ல் பதவி விலகியவர். ரிஃபார்ம் இரண்டாவதாக வந்த 98 தொகுதிகளிலும் இந்த மாதிரி ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்று ஃபராஜ் கணக்குப் போடாமல் இருப்பார் என்று நினைக்கிறீர்களா?