கியோட்டோவுக்கு அக்டோபரில் போகாதீர்கள்

அக்டோபர் நடுவில் போனால் ஜப்பானின் கியோட்டோ நகரம் முழுக்க இலையுதிர்கால மேப்பிள் இலைகளால் சிவந்திருக்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அதை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் பச்சை இலையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அக்டோபரில் சிவப்பது ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவுப் பக்கம். கியோட்டோ நகருக்குள் மேப்பிள் மரங்கள் உச்சத்துக்கு வருவது நவம்பர் பிற்பாதியில். சில இடங்களில் டிசம்பர் முதல் வாரம்கூட நிறம் நிற்கும்.

இரவு வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் இலை நிறம் மாறத் தொடங்கும். அதனால் ஒரே ஊருக்குள்ளும் இடத்துக்கு இடம் தேதி வேறு. மலைப்பக்கம் இருக்கும் தகாவோ, குராமா முதலில் சிவக்கும். அப்புறம்தான் தோஃபுகுஜி, எய்கான்தோ கோயில்கள். ஷிமோகாமோ கோயிலை ஒட்டிய காடு எல்லாவற்றுக்கும் கடைசி. கொஞ்சம் தாமதமாகப் போகிறவர்கள் நேரே அங்கே போகலாம்.

தோஃபுகுஜியில் ஒரு மரப்பாலம் உண்டு. அதில் நின்றால் பள்ளத்தாக்கின் மரத்தலைகள் அத்தனையும் நம் காலுக்குக் கீழே தெரியும். ஒரே மரத்தில் உச்சிக்கிளை சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, அடிக்கிளை இன்னும் பச்சை. முழுச் சிவப்பைவிட எனக்கு அதுதான் அழகு!

நவம்பர் 23 ஜப்பானில் அரசு விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. வார நாளில், கோயில் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். எய்கான்தோவில் இரவில் மரங்களுக்கு விளக்கொளி போட்டிருப்பதைப் பார்க்கத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.