முடித்துக் கொடுத்தவர்கள்

போன மாதம் என் ஆசிரியரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. நெல்லை, குமரி மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் இருபது வருடத்துக்கும் மேல் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்டவர். ஒரே புலவர் ஒரே சாமி கதையை இந்த ஊரில் எப்படிப் பாடினார், அடுத்த ஊரில் எப்படிப் பாடினார் என்று அடிக்கு அடி ஒப்பிட்டு நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். புத்தகமாகப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் போய்விட்டார். அந்த நோட்டுகளைப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம் தம்பி. யாராவது கேட்டு வருவாங்கன்னு ரெண்டு வருஷம் வச்சிருந்தேன். யாரும் வரலையே" என்றார்.

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வராதவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆய்வு நூல் என்றால் எழுதியவர் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற பெரிய ஆய்வுகள் பலவும், எழுதியவர் இறந்த பிறகு வேறொருவர் கையால் நமக்கு வந்து சேர்ந்தவை. மாணவர், மகள், நண்பர் என்று யாரோ ஒருவர் தன் வயதில் பத்து வருடம், முப்பது வருடம் கொடுத்து முடித்திருக்கிறார். அந்த வேலையையும் ஆய்வு என்றே சொல்ல வேண்டும், ஆய்வுக்குரிய மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஐயாவின் வேலைக்கு ரொம்ப நெருக்கமான ஒருவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். மில்மன் பாரி, 1902இல் கலிபோர்னியாவில் பிறந்த கிரேக்க இலக்கிய ஆய்வாளர். பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமரில் வீரன் அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 'விரைந்த காலுடைய அக்கிலீஸ்'தான். ஏன் இப்படி அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன? பாடுகிறவர் மேடையிலேயே அடியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்குக் கைவசம் இருக்கும் ஆயத்தத் தொடர்கள் இவை என்று, 1928இல் பாரிஸில் கொடுத்த ஆய்வேட்டில் தொடங்கி அடுத்தடுத்த கட்டுரைகளில் காட்டினார். பிறகு அதை உயிரோடு இருக்கும் பாடகர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 1933இல் யூகோஸ்லாவியாவுக்குப் போனார், 1934இல் மறுபடியும் போனார். அலுமினியத் தட்டில் இடைவிடாமல் பதிவு செய்ய இரட்டைச் சுழல்தட்டுக் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லி எடுத்துப் போனார். 3,500க்கும் மேற்பட்ட தட்டுகள் நிறைந்தன. பியெலோ போல்யே ஊரில் அவ்தோ மெஜெதோவிச் என்று ஒரு கசாப்புக் கடைக்காரர் கிடைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல 12,000 அடிக்கு மேல் நீண்ட ஒரே கதைப்பாட்டை உதவியாளர் நிக்கோலா வுய்னோவிச் எழுதி முடித்தார். ஹோமரின் ஒடிசியும் ஏறக்குறைய அதே நீளம்தான்.

1935 செப்டம்பர் வாக்கில் ஊர் திரும்பிய பாரி, அதே டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் அறையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துபோனார். 33 வயது. எழுத நினைத்திருந்த நூலுக்குத் தலைப்பும் முதல் சில பக்கங்களும் மட்டும் இருந்தன.

அந்தப் பயணத்தில் எடுபிடியாகக் கூடப் போன மாணவர் ஆல்பர்ட் லார்ட். அப்போது அவருக்கு 20களின் தொடக்கம். தட்டுகளை ஒழுங்குபடுத்தினார். நிக்கோலாவே அமெரிக்காவுக்கு வந்து தட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கினார். பாட்டின் இசையைக் குறித்துக் கொடுக்க ஹங்கேரியிலிருந்து வந்திருந்த இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் உட்கார்ந்தார். அந்த இசைக் குறிப்புகளின் நூலும் பார்த்தோக் இறந்த பிறகு 1951இல்தான் வந்தது. லார்ட் மறுபடியும் பால்கனுக்குப் போய் அவ்தோவைக் கண்டுபிடித்து அதே கதையை மீண்டும் பாட வைத்துப் பதிவு செய்தார். 1960இல் தன் நூல் வந்தபோது, ஆசிரியர் பாரி வைத்திருந்த தலைப்பையே அதற்கு வைத்தார். 25 வருடம்! உள்ளே இருக்கும் வாதங்களில் எது பாரியுடையது, எது லார்டுடையது என்று கோடு கிழிப்பது சுலபமில்லை. கிழிக்கவும் வேண்டாம் என்பேன்.

இதற்கு நம்மிடம் ஒரு கிளை இருக்கிறது. இலங்கைத் தமிழ் விமர்சகர் க. கைலாசபதி பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தபோது, இந்த வாய்மொழிக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டுதான் சங்கப் பாடல்களுக்குள் போனார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவரது ஆங்கில நூல் அப்படிப் பிறந்தது. சங்கப் பாட்டு வாய்மொழியாகவே கட்டப்பட்டது என்று அவர் சொன்னதை அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் மறுத்தார். பாணர் மரபைப் பார்த்துப் புலவர்கள் எழுதியவை என்பது ஹார்ட்டின் கருத்து. எனக்கு இதில் ஹார்ட் பக்கம்தான் சரி என்று படுகிறது. இருந்தாலும் அந்தச் சண்டையே வந்திருக்காது, அந்தத் தட்டுகளை யாராவது எடைக்குப் போட்டிருந்தால்.

அடுத்தது நான் மிகவும் நேசிக்கும் கதை. பியர் துயெம். 1861இல் பாரிஸில் பிறந்த இயற்பியலாளர். அன்று செல்வாக்கின் உச்சியில் இருந்த வேதியியலாளர் பெர்தலோவின் கொள்கை தவறு என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். ஆய்வேடு தள்ளுபடியானது. சாகும்வரை பாரிஸில் அவருக்கு ஒரு பேராசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை. 1894 முதல் போர்தோவில் இருந்தார். மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட்டார், ஒரே மகள் எலென்.

1903இல் நிலையியலின் (விசைகள் சமநிலையில் நிற்பதைப் படிக்கும் இயற்பியலின்) வரலாற்றை எழுத உட்கார்ந்தார். ஆர்க்கிமிடீஸுக்கும் லியனார்டோவுக்கும் நடுவில் ஐரோப்பாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது அன்றைய பொது நம்பிக்கை, அவருக்கும் அதே நம்பிக்கைதான். அந்த வேலையின் நடுவில்தான் 13ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜோர்தானுஸின் பெயர் தட்டுப்பட்டது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனவர் இடைக்கால லத்தீன் சுவடிகளுக்குள் இறங்கி, மீதி வாழ்நாளை அங்கேயே கழித்தார். எறிந்த கல் கையை விட்ட பிறகும் ஏன் போய்க்கொண்டிருக்கிறது? காற்றுதான் தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். இல்லை, எறிந்தவர் கல்லுக்குள்ளேயே ஒரு வேகத்தைப் பதித்துவிடுகிறார் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ழான் புரிதான் எழுதிவிட்டார். பூமி தினம் ஒருமுறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் அதைக் கண்ணால் பார்த்து மறுக்க முடியாது என்று நிக்கோல் ஒரேம் வாதிட்டார். கலிலியோவுக்கு இருநூறு வருடத்துக்கும் மேல் முந்தைய சங்கதி இது.

துயெமின் மிகத் துணிச்சலான வாதம் இறையியலைத் தொடுகிறது. 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். 'கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது', 'வானத்தை நேர்க்கோட்டில் நகர்த்த முடியாது, நகர்த்தினால் வெற்றிடம் உண்டாகிவிடும்' என்பவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கடவுளால் முடியாது என்று சொல்லக் கூடாது என்றானதும், அரிஸ்டாட்டில் சாத்தியமே இல்லை என்று ஒதுக்கியவற்றை 'ஒருவேளை இருந்தால்?' என்று யோசித்துப் பார்க்க அறிஞர்களுக்கு வழி கிடைத்தது. நவீன அறிவியலுக்குப் பிறந்த நாள் குறிக்கச் சொன்னால் இந்த 1277ஐத்தான் குறிப்பேன் என்றார் துயெம். ஒரு தடை யோசனைக்குக் கதவு திறந்தது என்பதை ஏற்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. துயெம் கத்தோலிக்கர், தன் சபைக்குப் பெருமை சேர்க்கும் ஆசை வாதத்தில் கலந்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அது நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் கவனியுங்கள். அண்டவியல் வரலாறாக அவர் எழுதிய பெருநூலின் முதல் ஐந்து தொகுதிகள் 1913க்கும் 1917க்கும் இடையில் வந்தன. 1916 செப்டம்பரில் துயெம் இறந்தார். மீதி ஐந்து தொகுதி கையெழுத்துப் படியாக மகளிடம் இருந்தது. 1277ஐப் பற்றியும், 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் இயற்பியலைப் பற்றியும் அவர் மிக விரிவாக எழுதிய பகுதிகள் அதில்தான் இருந்தன. அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அலெக்சாந்தர் கொய்ரே 1939இலும் அன்னலீசே மையர் 1949இலும் துயெமோடு மோதிய ஆய்வுகளை எழுதியபோது அந்தத் தொகுதிகள் அச்சில் கிடையாது. ஒருவரின் முழு வாக்குமூலம் வெளியே வரும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

எலென் விடவில்லை. அவர் அறிவியல் வரலாற்றாசிரியர் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகமும் பின்னால் இல்லை. 1936இல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். படிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடிதம் எழுதி, கதவைத் தட்டி, இரண்டு உலகப் போர்களைக் கடந்து, கடைசியில் 1954இல் ஆறாம் தொகுதி வந்தது. 1959இல் பத்தாவது. அப்பா இறந்தபோது 24 வயதில் இருந்தவர் 70ஐ நெருங்கியிருந்தார். பிறகு ஸ்டான்லி யாக்கி என்ற பெனடிக்ட் சபைத் துறவி எலெனைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். துயெமை மேற்கோள் காட்டும் எத்தனை பேருக்கு எலென் பெயர் தெரியும்?

இப்போது ஒரு கேள்வி வரும். இன்னொருவர் கை பட்டால் மூலம் மாறிவிடாதா? மாறும். இதற்கு டீட்ரிச் போன்ஹோஃபரை விட நல்ல உதாரணம் தெரியவில்லை. ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போன ஜெர்மன் இறையியலாளர், 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்டார். அறவியலைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தது துண்டு துண்டாகக் கிடந்தது. நண்பர் எபர்ஹார்ட் பெத்கே அவற்றை அடுக்கி 1949இல் வெளியிட்டார். பிறகு அந்த வரிசை சரியில்லை என்று அவருக்கே தோன்றி 1963இல் வேறு வரிசையில் போட்டார். வரிசை மாறினால் வாதம் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்பதே மாறும். ஆனால் பெத்கே அதை மறைக்கவில்லை, அவர் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி செய்தார். சிறையிலிருந்து வந்த கடிதங்களை விஷவாயு முகமூடி டப்பாக்களில் போட்டுத் தோட்டத்தில் புதைத்துக் காப்பாற்றியதும் பெத்கேதான். அந்த மனிதரிடம் போய் 'மூலத்தைத் தொட்டுவிட்டாய்' என்று எப்படிச் சொல்வது?

சினிமாவைத் தத்துவமாக யோசித்தவர்களில் ஆந்த்ரே பஸான் கதையும் இதேதான். திக்குவாய் இருந்ததால் ஆசிரியர் வேலை கிடைக்காமல் போனவர், தொழிற்சாலைகளிலும் திரைப்படக் கழகங்களிலும் தொழிலாளர்களுக்குப் படம் போட்டுக் காட்டிப் பேசினார். புகைப்படம் மனிதக் கை வரையாமல் தானே பதிகிறது, அதனால் அதன்மேல் நமக்கு வரும் நம்பிக்கை ஓவியத்தின்மேல் வருவது போன்றதில்லை என்று 1945இல் எழுதினார். அந்தக் கட்டுரையை எகிப்திய மம்மியிலிருந்து தொடங்குகிறார். இயேசுவின் உடலைச் சுற்றியதாக நம்பப்படும், டூரின் நகரில் இருக்கும் புனிதத் துணியையும் தொட்டுப் போகிறார். உடலைக் காலத்திடமிருந்து காப்பாற்றும் ஆசைதான் உருவக் கலைகளின் வேர் என்பது அவர் கருத்து. 1958 நவம்பரில் 40 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். நான்கு கட்டுரைத் தொகுதிகளில் பெரும்பாலானவை அதன்பிறகே வந்தன. திரைப்பட இயக்குநர் ரெனுவாரைப் பற்றிப் பாதியில் விட்ட நூலை, அவர் பிள்ளை போல் வளர்த்த இயக்குநர் த்ரூஃபோவும் நண்பர்களும் சேர்த்து 1971இல் கொண்டுவந்தார்கள். முழு எழுத்துகளும் ஒன்றாக வர 2018 ஆனது. அதுவரை உலகம் பஸான் என்று படித்ததும் சண்டை போட்டதும் அவர் எழுதியதில் ஒரு சிறு பகுதியை வைத்துத்தான்.

சரி, நம் பக்கம் வருவோம். பதிப்பித்தவரைத் 'தாத்தா' என்று கொண்டாடிய மொழி இது. 1887இல் உ.வே.சா. சிந்தாமணியைக் கொண்டுவந்தார், அதே வருடம் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைக் கொண்டுவந்தார். ஏட்டுச் சுவடியிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தருவது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்த நூல்கள், அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் நூலகமாக நிற்கிறது. ஆனால் நூறு வருடம் முந்தைய சுவடிக்குக் கொடுக்கும் மரியாதையை நேற்று இறந்த ஆய்வாளரின் நோட்டுக்கு நாம் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மறைந்த பேராசிரியர் ஒருவரின் களக் குறிப்புகளைப் பதிப்பிப்பதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்கிறேன் என்று கேட்டபோது, "இதுல உன் பங்களிப்பு என்னம்மா?" என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கேள்வியை எலெனிடமும் லார்டிடமும் கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகங்கள் இதை ஆய்வாக ஏற்க வேண்டும். மறைந்தவரின் நூலை முடித்தவர் பெயர் அட்டையிலேயே வர வேண்டும், முன்னுரையின் கடைசிப் பத்தியில் நன்றி என்று ஒரு வரி போதாது. எங்கே கை வைத்தோம், எதைச் சேர்த்தோம் என்று பெத்கே போல வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்புறம், இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆசிரியர் போய்விட்டார் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டுக்குப் போங்கள். "ஐயா எழுதி வச்சது ஏதாவது இருக்கா அம்மா?" என்று கேளுங்கள்.

அம்மா வீட்டில் கிளம்பும்போது ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே 11 கேசட். ஐயாவின் கையெழுத்தில் ஊர்ப் பெயரும் கொடை நடந்த தேதியும் இருக்கிறது. இரண்டில் நாடா சிக்கிக் கிடக்கிறது, ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நன்றாக ஓடும் கேசட் டெக் வைத்திருப்பவர்கள், பழைய நாடாவைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றத் தெரிந்தவர்கள் யாராவது நெல்லை, நாகர்கோவில் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். டப்பாவை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.