புரியாதாம், எங்கள் ஊருக்கு!

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கண்காட்சியில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். நான் மாட்டியிருந்த, பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோவின் படத்தை நடத்தியவர்கள் சுவரிலிருந்து கழற்றியதைக்கூட விட்டுவிடலாம். அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் விழுங்க முடியவில்லை: "நம் ஊர் மக்களுக்கு இதெல்லாம் புரியாது, வீண் வம்பு."

எது புரியாது? 1939 செப்டம்பர் 1இல் மேற்கிலிருந்து ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. 17இல் கிழக்கிலிருந்து ஸ்டாலினின் படை. 20ஆம் தேதி லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் லோவின் படம். ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கையில் எடுத்து, இடுப்பை வளைத்து முகமன் கூறுகிறார்கள். "உலகத்தின் கழிசடை தாங்கள்தானே?" என்கிறார் ஒருவர். "தொழிலாளர்களைக் கொன்று குவித்த பாதகர் தாங்கள்தானே?" என்கிறார் மற்றவர். நடுவில் தரையில் ஒரு பிணம். ஜென்மப் பகையாளிகளான பங்காளிகள் மூன்றாமவன் நிலத்தை வளைக்க மட்டும் ஒன்றுசேர்வதை எங்கள் ஊர் பார்த்ததே இல்லையா?

1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாரம் நினைவிருக்கிறது. சுவர் விளம்பரம் எழுதும் அண்ணன் ஒருவர், சினிமா போஸ்டரின் பின்பக்கத்தில் படம் வரைந்து சலூனில் ஒட்டினார். மேசையில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவது நாற்காலி காலி. ஒரு வரி வசனம் கிடையாது. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "சண்டை போடுகிறவன் கையெழுத்து எங்கே?" அக்டோபரில் இந்திய அமைதிப்படையும் புலிகளும் மோதிக்கொண்டபோது டில்லிக்கு விடை தெரிந்தது. புரியாத ஊராம்!

"போர் நடக்கிற காலத்தில் இது தேவையா?" என்கிறார்கள். போர்க்காலத்தில்தான் ஐயா தேவை. 1937இல் ஜெர்மனி போய்த் திரும்பிய பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு, லோவின் படங்களால் ஹிட்லருக்குக் கோபம் வருகிறது, கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள் என்று பத்திரிகைத் தரப்பிடம் பேசினார். லோவும் சில மாதம் அடக்கி வாசித்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போயிற்று. படத்தை அடக்கி எந்தப் போர் நின்றது?

"சில படங்கள் ஓர் இனத்தையே எலியாக வரைகின்றனவே?" உண்மை. அவற்றை நான் மாட்டவில்லை.

"உங்களுக்கு விளம்பர ஆசை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் படத்துக்குப் பிரதி எடுத்ததும் சட்டம் போட்டதும் என் கைக்காசில். ஆணி அடித்ததும் நான்தான். கழற்றும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். மேடையில் என்னை 'நம் ஊரின் சொத்து' என்று புகழ்ந்த அதே வாய், வாசலில் 'இவருக்கு வேறு வேலையில்லை' என்றதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இருக்கட்டும், எனக்கு வேறு வேலையில்லை. உங்களுக்கு என்ன வேலை? ஊருக்கு எது புரியும், எது புரியாது என்று அளந்து சொல்வதா? அந்த அளவுகோலை யார் கொடுத்தார்கள்?

படம் யாரைப் புண்படுத்தியது என்று ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். ஹிட்லரின் உறவினர் யாராவது நம் ஊரில் இருந்தால் நானே வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.