பரிவும் ஆள் பற்றாக்குறையும்
நோயாளியின் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்ளும் செவிலியர் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள், அவர்களுக்குத் தியானப் பயிற்சி கொடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, கொடுங்கள். ஆனால் நைட் டூட்டியில் வார்டு முழுக்க ஒரே சிஸ்டர் என்றால்? ஒரு பெட்டில் டிரிப்ஸ் தீர்ந்திருக்கும். பக்கத்துப் பெட்டுப் பாட்டி பிடித்த கையை விடமாட்டார். உதறிவிட்டு ஓடும்போது வருகிற குற்ற உணர்வுதான் செவிலியர்களான எங்களைத் தின்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளைப் பற்றி செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே பர்ன்அவுட், அதாவது வேலையால் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு, 23 சதவீதம் கூடியது. கலிபோர்னியாவில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று 2004 முதல் சட்டமே அமலில் இருக்கிறது. இங்கே ரிஜிஸ்டர் எழுதுவதும் எங்கள் தலையில்தான். அப்புறம், அந்தத் தியான வகுப்பையும் டூட்டி முடிந்த பிறகுதான் வைப்பார்கள்!