பிள்ளையின் பதற்றத்தை விரட்டப் பார்க்காதீர்கள்

போட்டிக்கு முன் பிள்ளைகளிடம் பெரியவர்கள் அதிகம் சொல்வது "பதறாதே" என்பதைத்தான். சமூக மன்றத்தில் பூப்பந்து பழகும் பிள்ளைகளோடு வார இறுதிகளைக் கழிக்கிறவன் நான். அந்த அறிவுரையால் பதற்றம் தணிந்த ஒரு பிள்ளையைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. ஏற்கெனவே கை சில்லிட்டு, வயிறு கலங்கி, மூன்றாம் முறையாகக் கழிவறைக்குப் போய் வந்திருக்கும் பிள்ளைக்கு, தான் பதறுவது அப்பாவுக்கும் தெரிந்துவிட்டதே என்ற கவலையும் அப்போது சேர்ந்துகொள்கிறது.

கை சில்லிடுவது நோயன்று. அட்ரினலின் சுரந்ததும் இதயம் வேகமாகத் துடிக்கிறது; விரல் நுனிக்கும் வயிற்றுக்கும் போகும் ரத்தம் குறைந்து, ஓடவும் தாவவும் வேண்டிய பெரிய தசைகளுக்குக் கூடுதலாகப் போகிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட எளிதாக விளக்கிவிடலாம், ஆனால் விளக்குவோர் குறைவு. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு ஆகியவற்றை வைத்துச் செய்த ஆய்வுதான் என்றாலும், துடிக்கும் நெஞ்சை அடக்கப் போராடுவதைவிட அதற்கு வேறு பொருள் கொடுப்பது எளிது என்பதை ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று நானும் பார்க்கிறேன்.

பதற்றம் எங்கே உண்மையில் கெடுக்கிறது என்றால், கைக்குப் பழகிப்போன வேலையில் மூளை தலையிடும்போதுதான். வலையை உரசினாற்போல் தாழப் போட வேண்டிய சர்வீஸைப் பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடும் பிள்ளை, ஆட்டம் முடியும் தறுவாயில் 19-19 என்ற நிலையில் அதையே வலையில் அடிக்கும். படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தால் கால் இடறுமே, அப்படித்தான். அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு தந்தை "மணிக்கட்டைக் கவனி!" என்று கத்துவார். பிள்ளை மறந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் அந்த மணிக்கட்டுதான்.

இதற்கு எங்கள் பயிற்றுவிப்பாளர் கற்றுத்தரும் வழக்கம் மிகச் சிறியது: ராக்கெட்டின் நரம்புகளை விரலால் ஒருமுறை நேராக்க வேண்டும், உள்ளிழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விட வேண்டும், எதிர்ப்பக்கத்தில் பந்து விழ வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், உடனே சர்வீஸ் போட்டுவிட வேண்டும். போட்டியன்று காலையில் சொல்லிக்கொடுத்தால் இது உதவாது. பயிற்சியிலேயே 18-19 என்று புள்ளியை வைத்துக்கொண்டு, நண்பர்கள் சுற்றி நின்று கூச்சல் போட, பலமுறை பழகியிருந்தால்தான் அது தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

சிங்கப்பூரில் இன்னொரு சுமையும் இருக்கிறது. 2004ல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம், தேர்வு மதிப்பெண்ணில் அடங்காத திறமைக்கும் வழிவிட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொடக்கநிலை 6 மாணவருக்கு உயர்நிலைப்பள்ளியின் திறன்தேர்வு இன்னொரு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆகிவிடுகிறது. துணைப்பாட வகுப்பின் அலுப்பிலிருந்து தப்பிக்க ஆடுகளத்துக்கு வந்த பிள்ளை, அங்கேயும் தேர்வு எழுதுகிறது. போதாக்குறைக்கு, கறிபஃப் பொட்டலத்தோடு வந்து உட்காரும் நம் மாமாக்களும் சித்திகளும் பார்த்ததும் கேட்பது "ஜெயிச்சியா?" என்பதைத்தான். அன்பில் குறைவில்லை, கேள்விதான் தவறு.

பன்னிரண்டு வயதில் ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு நம் ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி பெரேராவே சான்று. 2015ல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்ற அவர், அதே தங்கத்தை மீண்டும் வெல்ல 2022வரை காத்திருக்க நேர்ந்தது. 2023ல் அதே விளையாட்டுகளில் 100 மீட்டரிலும் சேர்த்து இரண்டு தங்கம், பிறகு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை யாராவது முடிந்த கதை என்று எழுதியிருந்தால், அது அவர்களுடைய அவசரம்.

ஆகவே, எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது ஆட்டத்தை அலசாதீர்கள். பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். தவறுகளைத் திருத்த அடுத்த பயிற்சி நாள் இருக்கிறது.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தி, பிடித்த விளையாட்டுக்கே போக மறுப்பது போன்றவை வேறு வகை. இவற்றுக்கு மூச்சுப்பயிற்சி போதாது. பள்ளி ஆலோசகரைப் பாருங்கள், சேர்க்கை விண்ணப்பம் கைநழுவிப் போனாலும் சரி. போகும்போது, பயிற்றுவிப்பாளரிடமும் இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளை ஆடுகளத்தில் எப்படி இருக்கிறது என்பதை அவர்தான் பார்த்திருப்பார்.