அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு மெட்டு

அக்கா மகள் நியூஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் அவள் பள்ளியில் ஓர் இசை நாடகம் போட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது அரண்மனைப் பெண்களில் ஒருத்தி வேடம். கூட்டத்தோடு சேர்ந்து பாட வேண்டும், தனியாகப் பேச நாலே வரி. அந்த நாலு வரிக்காக அக்கா எங்களை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டாள். படம் எடுக்கக் கூடாது என்று அறிவித்தார்களாம். அக்கா என்றைக்கு அறிவிப்பைக் கேட்டிருக்கிறாள்? போனை மடியில் மறைத்து வைத்துக்கொண்டதில் பாதி நேரம் முன்வரிசைக்காரர் ஒருவரின் வழுக்கைதான் தெரிந்தது.

ஆனாலும் ஒரு காட்சி நன்றாகத் தெரிந்தது. ஓர் இளவரசி கோட்டை அகழியை நீந்திக் கடந்து, சுவரேறி உள்ளே குதிக்கிறாள். மேலெல்லாம் நனைந்து, தலையில் பாசி தொங்குகிறது. பாவாடையைப் பிழிந்தபடியே, தான் ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ளவள் என்று பாட ஆரம்பிக்கிறாள். அந்தக் ‘கூச்சம்’ என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் கட்டடமே அதிரும்படி கத்துகிறாள். என் கணவர் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "யார் வீட்டில் சண்டை?" என்றார்.

நாடகத்தின் பெயர் ‘ஒன்ஸ் அபான் எ மேட்ரஸ்’. இருபது மெத்தைக்கு அடியில் ஒரு பட்டாணியை வைத்து, தூக்கம் வராமல் புரண்டால்தான் நிஜமான இளவரசி என்று சோதிக்கும் ஆண்டர்சன் கதையைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டது. இசை மேரி ராட்ஜர்ஸ். அந்தப் பெயரைத் தேடிப் போனதில் எனக்கு ஒரு மாதம் போனது. அதன் பலன்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராட்ஜர்ஸ் என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகத்துக்கு மெட்டுப் போட்ட ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் மகள்தான். 1931இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஒரு பக்கம் இப்படி என்றால் மகன் ஆடம் கெட்டலும் இசையமைப்பாளர், 2005இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியவர். போதாக்குறைக்குப் பதின்மூன்று வயதில் மேரி, அப்பாவின் கூட்டாளியான பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனின் பண்ணை வீட்டில், தன்னைவிட ஒரு வயது மூத்த ஒரு பையனைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். அந்தப் பையன் ஸ்டீபன் சோண்ட்ஹைம். பின்னாளில் அமெரிக்க இசை நாடகத்தையே மாற்றிப் போட்டவர். ஆக மேரியைப் பற்றி எழுதுகிற யாரும் இன்னாரின் மகள், இன்னாரின் அம்மா, இன்னாரின் தோழி என்று மூன்று வேலி போட்டு, நடுவில் அவரை நிறுத்திவிடுகிறார்கள். அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 2022இல், விமர்சகர் ஜெஸ்ஸி கிரீனோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு ‘ஷை’, அதாவது ‘கூச்சம்’, வெளிவந்தது. அதிலும் சோண்ட்ஹைம் பக்கங்களைத்தான் ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். எனக்கு அந்த வம்பில் ஆர்வம் இல்லை என்று சொன்னால் பொய். படித்தேன், ரசித்தேன். ஆனால் எழுத வந்தது வேறு.

பின்னாளில் ஒரு பேட்டியில் அவர் சொன்னது இது: தனக்கு இருந்தது இனிமையான திறமைதான், அபாரமானது அல்ல, தான் அப்பாவும் இல்லை, மகனும் இல்லை. அதனால் மெட்டுப் போடுவதை விட்டதில் வருத்தம் இல்லை என்கிற தொனி. எல்லோரும் இதை அவருடைய நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நேர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் கணக்குத் தப்பு என்பது என் கட்சி.

1957இல் அவருக்கு விவாகரத்து ஆகிறது. வயது இருபத்தாறு. கல்லூரியில் இசை படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர், கையில் மூன்று சின்னக் குழந்தைகள். குழந்தைகளுக்கான இசைத்தட்டுகளுக்குப் பாட்டுப் போட்டார். இசைக்குழு நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் சிறுவர்களுக்காகத் தொலைக்காட்சியில் நடத்திய இசை நிகழ்ச்சிகளில் எழுத்துக்கும் தயாரிப்புக்கும் உதவியாளராகப் பல வருடம் இருந்தார். வரும் வேலையைச் செய்வது, வராத வேலையைத் தேடிப் போவது. நம் ஊரில் விளம்பரப் பாட்டு எழுதுகிறவர்களுக்கும், தொடர்களுக்குத் தலைப்புப் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இந்த வாழ்க்கை சட்டென்று புரியும்.

1958 கோடையில் பென்சில்வேனியாவில் டாமிமென்ட் என்ற விடுதிக்குப் போகிறார். நியூயார்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் மலையோர இடம். அங்கே ஒரு நாடகக் குழு இருக்கும், வாராவாரம் வந்திருப்பவர்களுக்கு ஏதாவது புதிதாகப் போட்டுக் காட்ட வேண்டும். பாடலாசிரியர் மார்ஷல் பாரரோடு சேர்ந்து அங்கே அவசர அவசரமாகச் செய்ததுதான் இந்த மெத்தை நாடகம். யோசித்து யோசித்து மெருகேற்ற நேரமே இல்லை. அது பலித்தது. நாடகத்தை நீட்டி, ஜார்ஜ் ஆபட் இயக்கத்தில் 1959 மே மாதம் நியூயார்க்கின் ஃபீனிக்ஸ் அரங்கில் ஏற்றினார்கள். அகழியிலிருந்து ஏறி வரும் இளவரசியாக, பெரிய மேடைக்கு அதுவரை அறிமுகமாகாத கேரல் பர்னெட். நவம்பரில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு மாறியது. அதே மாதம்தான் அப்பாவின் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கும் பிராட்வேயில் திறக்கிறது!

அடுத்த வருட டோனி விருதில் சிறந்த இசை நாடகத்துக்கான பரிந்துரைப் பட்டியலைப் பாருங்கள். மகள் நாடகம் இருக்கிறது, அப்பா நாடகம் இருக்கிறது, சோண்ட்ஹைம் பாட்டெழுதிய ‘ஜிப்ஸி’யும் இருக்கிறது. அப்பா ஜெயித்தார், இன்னொரு நாடகத்தோடு பங்கு போட்டுக்கொண்டு. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

இதை ‘வாரிசு’ என்று தள்ளிவிடலாம். கதவு திறந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போனால் நாற்காலி இல்லையே. அந்தக் கால பிராட்வேயில் பாட்டு எழுதும் பெண்கள் இருந்தார்கள், நன்றாகவே பேர் வாங்கினார்கள். டோரதி ஃபீல்ட்ஸ், பெட்டி காம்டன் என்று சொல்லலாம். மெட்டுப் போடும் பெண்களை எண்ண ஒரு கை போதும். சொல் பெண்ணிடமிருந்து வரலாம், சுரம் மட்டும் ஆணிடமிருந்துதான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ. நம் சினிமாவில் இன்றைக்கும் நிலைமை என்ன என்று நீங்களே விரல் மடக்கிப் பாருங்கள்.

அடுத்து வந்தவை சறுக்கல்தான் அதிகம். 1963இல் நடிகை ஜூடி ஹாலிடேயை வைத்துப் போட்ட ‘ஹாட் ஸ்பாட்’ 43 காட்சிகளில் சுருண்டது. 1966இல் ‘மேட்’ என்ற நகைச்சுவை இதழை வைத்துச் செய்த கேலி நாடகம் 871 காட்சிகள் ஓடியது. ஆனால் அது சின்ன அரங்கு. பிராட்வே கணக்கில் வராது, பேரும் அவ்வளவாக நிலைக்காது.

நாற்பதை நெருங்கும்போது குழந்தைகளுக்காக எழுத ஆரம்பிக்கிறார். ஹார்ப்பர் நிறுவனத்தில் குழந்தை நூல் பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ராம் அவரை எழுதத் தூண்டினார். முதலில் 1969இல் ஒரு படக்கதை. பிறகு 1972இல் ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’.

படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஜோடி ஃபாஸ்டர் நடித்த 1976 படத்துக்குத் திரைக்கதை மேரியே எழுதியது. 2003இல் வந்ததுதான் நம் கேபிள் டிவி தலைமுறைக்குப் பழக்கம். அம்மாவும் மகளும் உடல் மாறிக்கொள்வார்கள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஆனால் நூல் அப்படி இல்லை. இதுதான் எனக்கு ஆச்சரியம். நூலில் பதின்மூன்று வயது ஆனபெல் காலையில் எழுந்தால் அம்மா உடம்பில் இருக்கிறாள். அம்மா? காணோம். மகளின் உடம்போடு வெளியே போனவள்தான், நாள் முழுக்கக் கண்ணில் படுவதில்லை. நமக்குத் தெரிவது ஆனபெல் படும் பாடு மட்டும். வேலைக்காரம்மா வந்து, வீட்டு மதுவைக் குடிப்பதே உங்கள் மகள்தான் என்று ‘அம்மா’விடம் போட்டுக் கொடுக்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பதே அந்த மகள்தானே, அங்கேயே வேலையைவிட்டு நிறுத்துகிறாள். பள்ளியில் ஆசிரியர்கள் கூடி ஆனபெல்லைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அம்மாவாக உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல மூளை, ஆனால் வீணடிக்கிறாள் என்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மாடி வீட்டுப் பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு எப்போதும் மூக்கடைப்பு. ‘ம’ எல்லாம் ‘ப’ ஆகிவிடும். அவன் பெயர் போரிஸ் என்று ஆனபெல் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருப்பாள். உண்மையில் மோரிஸ். அவன் சமைத்துத் தருகிற ‘பீட்லோஃப்’ என்ன பண்டம் என்று மண்டையை உடைத்துக்கொண்டால், அது மீட்லோஃப், கொத்துக்கறியில் செய்வது. இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? காதிலிருந்து. ஓர் எழுத்து மாறினால் சொல் எப்படி ஒலிக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அவர் இசையை விட்டுவிட்டார் என்கிறார்கள். இந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கே விட்டார்?

இன்னொன்றும் கவனித்தேன். நனைந்த உடையோடு ‘நான் கூச்சக்காரி’ என்று கத்தும் இளவரசி, அம்மா உடம்புக்குள் முழிக்கும் ஆனபெல், இரண்டும் ஒரே நகைச்சுவைதான். வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று. ராட்ஜர்ஸ் என்ற பெயருக்குள் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க மேரியாக இருந்தவருக்கு அந்த நகைச்சுவையை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, கணக்கு தப்பு என்றேனே. அப்பா ஓர் உயரம், மகன் ஓர் உயரம், தான் நடுவில் பள்ளம் என்று அவர் அளந்தார். அளவுகோல் யாருடையது? பெரியவர்களுக்குப் பெரிய மேடையில் போடுவது பெரிய கலை, பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவது பக்கத்து வேலை என்பதுதானே அது. நம் ஊரிலும் இதே கதைதான். நான் ஒரு சிறுவர் இதழுக்குச் சில வருடம் கதைப் பாட்டு எழுதினேன். பெரிய பத்திரிகையில் இருந்த ஒரு நண்பர், "இதெல்லாம் சரி, எப்போது எழுத ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டார். ஏளனமாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த மெத்தை நாடகம் 1996இல் மறுபடி பிராட்வே ஏறியது, 2024இல் இன்னொரு முறை. 2005இல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது, அன்றைய இளவரசி கேரல் பர்னெட் ராணியாக, மாமியார் வேடத்தில் வந்தார். அதற்கிடையில் அமெரிக்கப் பள்ளிகளில் எத்தனை முறை போட்டிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. முதன்முதலாக மேடை ஏறும் பிள்ளைக்கு ஏற்ற நாடகம். எல்லாருக்கும் ஏதோ ஒரு வேடம், கத்திப் பாடலாம், விழுந்து புரளலாம்.

மேரி 2014இல், எண்பத்து மூன்று வயதில் இறந்தார். அதற்கு முன் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவராகவும் சில வருடம் இருந்தார்.

போன வாரம் அக்கா மகளிடம் பேசும்போது, நீ நடித்த நாடகத்துக்கு மெட்டுப் போட்டவர்தான் ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ எழுதினார் என்றேன். அவள் அந்தப் புத்தகத்தை ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டாளாம்.

"அதே லேடியா சித்தி? எனக்குத் தெரியவே தெரியாது. அது லூசு மாதிரி சிரிக்க வைக்கிற புக்."

மேரியின் அப்பா யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள், மூக்கைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மா’வை ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சமையலறையிலிருந்து அக்கா, "அவர் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலைடி" என்றாள்.