லாப்ரீயின் தொண்டையில் கோளாறு இல்லை, பாட்டு கட்டும் வரிசையில்தான்

அமெரிக்க ப்ராக்ரெசிவ் மெட்டல் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் ஒரு பஞ்சாயத்து தவறாமல் வரும். பெட்ரூச்சியின் கிதார், ரூடெஸின் கீபோர்டு, டிரம்ஸில் போர்ட்னாயா மான்ஜினியா என்று எல்லாம் பேசி முடித்தபின், "பாடகர் மட்டும் வேற ஆளா இருந்திருந்தா..." என்று யாராவது இழுப்பார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாகக் குழுவின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரீ கேட்டுக்கொண்டிருக்கும் வசனம் இது. இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அவருடைய தனி ஆல்பம் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். கேட்டிருந்தால் குறையை அவர் தொண்டையில் தேடாமல் வேறிடத்தில் தேடியிருப்பார்கள்.

குறை பாட்டு உருவாகும் வரிசையில் இருக்கிறது. ட்ரீம் தியேட்டரில் பெரும்பாலும் வாத்தியங்கள்தான் முதலில் வரும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு), தாள மாற்றங்கள், சோலோவுக்கான இடம் எல்லாம் முடிவான பிறகுதான் அதன் மேல் பாடும் மெட்டும் வரிகளும் ஏறும். மெட்டிலும் வரிகளிலும் பெட்ரூச்சியின் கை ஓங்கியிருக்கும், போர்ட்னாய் குழுவில் இருக்கும்போது அவரும் சேர்ந்துகொள்வார். லாப்ரீ எழுதியவையும் உண்டு ('பிளைண்ட் ஃபெய்த்', 'டிஸப்பியர்', 'வேகன்ட்' எல்லாம் அவர் வரிகள்), ஆனால் மொத்தக் கணக்கில் அவை கொஞ்சம்தான். தனி ஆல்பங்களில் இந்த வரிசை தலைகீழ். கீபோர்டு கலைஞர் மேட் கில்லரியும் லாப்ரீயும் சேர்ந்து எழுதும்போது கோரஸ்தான் பாட்டின் தூண், ரிஃப் அதற்கு வழி விட்டு ஒதுங்கும். முன்னதில் கட்டிமுடித்த வீட்டுக்குள் குரலைக் குடிவைக்கிறார்கள், பின்னதில் குரலுக்கு அளவெடுத்து வீட்டைக் கட்டுகிறார்கள்.

இதனால் காதில் என்ன மாறுகிறது? முதலாவது ஸ்தாயி. 1992-இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'லேர்னிங் டு லிவ்'. அதில் ஏழாவது நிமிடத்தை ஒட்டி அவர் எட்டும் உச்சம் ஐந்தாம் ஆக்டேவின் எஃப் ஷார்ப், ஏறக்குறைய 740 ஹெர்ட்ஸ். ஆண் குரலில் இவ்வளவு மேலே, இவ்வளவு முழுசாகப் பிடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அந்த ஒரே ஸ்வரம் அவர் கழுத்தில் தொங்கும் மணியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஜனங்கள் காத்திருப்பது அதற்குத்தான். எட்டவில்லை என்றால் அவ்வளவுதான், "குரல் போச்சு".

குரலுக்குப் பெரிய அடி விழுந்ததும் உண்மை. 1994 டிசம்பர் 29, கியூபாவில் விடுமுறை. உணவு நஞ்சாகி, கடும் வாந்தியில் குரல் நாண்கள் கிழிந்தன. ஓய்வைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் 'அவேக்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் அடுத்த மாதமே மறுபடி மேடை ஏறிவிட்டார். 1997 வரையாவது குரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். குரல் நாண் கிழிந்தால் முதலில் போவது மேல்ஸ்தாயியின் உறுதி. மத்திய ஸ்தாயியின் நிறமும் வார்த்தைத் தெளிவும் பெரும்பாலும் தப்பிவிடும். தனி ஆல்பங்கள் எல்லாமே இதற்குப் பிறகு வந்தவை, 1999-இலிருந்து. அவற்றில் மெட்டு மத்திய ஸ்தாயியில் நடந்து, கோரஸின் கடைசி வரிக்கு மட்டும் மேலே ஏறி இறங்கும். குரலின் நிலைமை தெரிந்தவர்கள் எழுதிய மெட்டு என்பது கேட்டவுடனே புரியும்.

இரண்டாவது, இடநெருக்கடி. டிஸ்டார்ஷன் போட்ட கிதாரின் கூர்மையும் மனிதக் குரலில் மெய்யெழுத்துகளின் தெளிவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்காருகின்றன, 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. கீபோர்டு லீடும் அங்கேதான் வரும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் தோற்பது குரல்தான், ஏனென்றால் மூன்றில் மூச்சுவிட நிறுத்த வேண்டியது அது ஒன்றுதான். ட்ரீம் தியேட்டரில் வரிக்கும் வரிக்கும் நடுவே கிடைக்கும் இடத்தையும் ஏதாவது ஒரு வாத்தியம் நிரப்பிவிடும். கில்லரி கீபோர்டு வாசிப்பவர்தான், ஆனாலும் வரி ஓடும்போது பின்னால் ஒரு படுகை விரித்துவிட்டு விலகிக்கொள்கிறார். கிதார் வாசிக்கும் இத்தாலியர் மார்கோ ஸ்ஃபோல்யியும் அப்படியே. சோலோ அவருக்கும் உண்டு, அது பாட்டுக்குள் எட்டோ பதினாறோ பார்களில் முடிந்துவிடும். ட்ரீம் தியேட்டரின் 'மெட்ரோபொலிஸ்' பாட்டில் பாடகர் மூன்று நிமிடத்துக்கும் மேல் சும்மா நிற்க வேண்டியிருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். (அந்த மூன்று நிமிடம் எனக்கு உயிர். அது வேறு விஷயம்.)

மூன்றாவது விஷயத்தைத்தான் ரொம்பப் பேர் கவனிப்பதில்லை: ஆக்ரோஷத்தை யார் சுமப்பது? ட்ரீம் தியேட்டரின் 2003 ஆல்பமான 'ட்ரெய்ன் ஆஃப் தாட்'-இல் 'ஹானர் தை ஃபாதர்' கேளுங்கள். பாட்டு கேட்கும் கோபம் லாப்ரீயின் குரல் இயல்பாகத் தரக்கூடிய கோபம் இல்லை. அவர் அழுத்தி, கடித்து, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோ செய்கிறார், எனக்கு ஒட்டவில்லை. 2010-இல் வந்த 'ஸ்டாடிக் இம்பல்ஸ்' தனி ஆல்பத்தில் இதே சிக்கலுக்கு எளிய தீர்வு கண்டார்கள். ஸ்வீடனின் டார்க்கேன் இசைக்குழுவைச் சேர்ந்த பீட்டர் வில்டோரை டிரம்ஸுக்கு அழைத்து, க்ரௌல் (தொண்டையிலிருந்து உறுமிப் பாடுவது) முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். முதல் பாட்டு 'ஒன் மோர் டைம்' தொடங்கியதும் காதில் விழுவது அந்தக் கரகரப்பு. லாப்ரீ உள்ளே வரும்போது அவருடைய சுத்தமான குரல் இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரிகிறது. முரட்டு வேலையை அதற்கென்றே பழகிய தொண்டை பார்த்துக்கொள்வதால் இவர் அழுத்த வேண்டியதில்லை, மெட்டை மட்டும் ஏந்தினால் போதும். மிக்ஸ் செய்தவர் ஜென்ஸ் போக்ரன். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

டிரம்ஸ் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. மைக் மான்ஜினி ட்ரீம் தியேட்டருக்கு வந்தது 2010-இல். ஆனால் லாப்ரீயின் முதல் மூன்று தனி ஆல்பங்களிலும் ஏற்கெனவே வாசித்தவர் அவர்தான்: மல்மஸ்லர் என்ற பெயரில் 1999-இலும் 2001-இலும் வந்த இரண்டு, பிறகு 2005-இன் 'எலிமென்ட்ஸ் ஆஃப் பர்சுவேஷன்'. போர்ட்னாய் விலகியதும் தேர்வுக்கு அழைக்கப்பட்ட ஏழு டிரம்மர்களில் மான்ஜினியும் இருந்தார், வில்டோரும் இருந்தார். ஏழு பேரில் இருவர் பாடகரின் தனிக்குழுவிலிருந்து! அப்புறமும் தனி ஆல்பத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களை என்ன சொல்ல?

சரி, தனி ஆல்பங்கள்தான் உசத்தியா? இல்லை. நான் சொல்லவந்தது அதுவும் இல்லை.

'ஸ்டாடிக் இம்பல்ஸ்' பன்னிரண்டு பாட்டு. 2013-இன் 'இம்பெர்மனன்ட் ரெசனன்ஸ்' இன்னொரு பன்னிரண்டு. பெரும்பாலும் நாலு நிமிட அளவு. எலெக்ட்ரானிக் சாயலில் ஒரு கீபோர்டு துணுக்கு, கனமான ரிஃப், அடங்கிய சரணம், விரியும் கோரஸ், நடுவில் சின்ன சோலோ, மறுபடி கோரஸ். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் குறை சொல்ல முடியாது. வரிசையாகப் போட்டால் எட்டாவது பாட்டில் அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குரலுக்கு அளவெடுத்துக் கட்டினால் வரும் பக்கவிளைவு இது. யாரும் பாடகரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதில்லை, அதனால் அவர் எதிர்பாராத எதையும் செய்ய வேண்டிய அவசியமும் வருவதில்லை.

அந்தச் சங்கடத்தைக் கொடுப்பது ட்ரீம் தியேட்டர். 2005-இன் 'ஆக்டவேரியம்' 24 நிமிடப் பாட்டு. முதல் நாலு நிமிடம் ரூடெஸின் கன்டினுவமும் (விரலை வழுக்கி வாசிக்கும் மின்னணுக் கருவி) லேப் ஸ்டீலும் (மடியில் வைத்து வாசிக்கும் கிதார்) மட்டும்தான், பாடகர் வாயே திறப்பதில்லை. திறக்கும்போது கிசுகிசுப்பு போல ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, பதினெட்டாவது நிமிட வாக்கில் வீறிடுகிறார். ஒரே குரலில் இத்தனை படிகளை வைக்க நாலு நிமிடப் பாட்டில் இடம் கிடையாது. 1999-இன் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஆல்பமும் அப்படித்தான். நிக்கோலஸ், விக்டோரியா என்று பாத்திரங்கள் மாற மாற அதே குரலின் எடை மாறுவதைக் கேட்கலாம். தனி ஆல்பங்கள் எதிலும் அவர் இவ்வளவு தூரம் நடிக்கவில்லை.

அதற்காகக் குழு குரலை நடுவில் வைத்தாலே வெற்றி என்றும் சொல்ல முடியாது. 2016-இன் 'தி அஸ்டோனிஷிங்' அதற்குச் சாட்சி. 34 தடங்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல், பெட்ரூச்சி எழுதிய கதை, எல்லாப் பாத்திரங்களுக்கும் லாப்ரீ ஒருவரே குரல். பாடியிருப்பது அபாரம். ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. டச்சுக்காரர் ஆர்யென் லூகாசன் 2004-இல் 'தி ஹ்யூமன் ஈக்வேஷன்' என்ற கதை ஆல்பத்தைச் செய்தபோது லாப்ரீக்கு ஒரே ஒரு பாத்திரம் கொடுத்து, மற்றவற்றுக்கு வேறு வேறு பாடகர்களை வைத்தார். அந்தத் தெளிவு இங்கே இல்லை.

ஒப்பிட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 'ஸ்டாடிக் இம்பல்ஸ்' ஆல்பத்தில் தொடங்காதீர்கள். முதல் நிமிடத்திலேயே க்ரௌல் வருவதால், ஸ்வீடிஷ் மெலடிக் டெத் ஆல்பம் ஒன்று மாறிவந்துவிட்டது என்று நினைத்து மூடிவைத்தவர்கள் உண்டு. 'இம்பெர்மனன்ட் ரெசனன்ஸ்' ஆல்பத்தில் 'பேக் ஆன் தி கிரவுண்ட்', 'சே யூ ஆர் ஸ்டில் மைன்' இரண்டையும் முதலில் கேளுங்கள். அதே சூட்டோடு 'அவேக்' ஆல்பத்தின் 'தி மிரர்'. ஏழு தந்தி கிதாரின் கீழ் பி தந்தி 62 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, அதன் மேல் குரல் எங்கே நிற்கிறது, எதோடு மோதுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, ஏனென்றால் கிதார்கள் இரண்டு ஓரங்களுக்கும் ஒதுங்கி, குரல் நடுவில் தனியாக நிற்பது அதில்தான் தெரியும். சத்தத்தை இரண்டு பாட்டுக்கும் சமமாக வைக்க மறக்காதீர்கள். 1994-இன் மாஸ்டரிங் (ஆல்பத்தின் இறுதி ஒலிச் சீரமைப்பு) இப்போதையதைவிட அடங்கியது. அப்படியே அடுத்தடுத்து போட்டால் பழையது சோகையாகக் கேட்கும், பழி பாடகர் மேல் விழும்.

அடுத்து 2022-இன் 'பியூட்டிஃபுல் ஷேட் ஆஃப் க்ரே'. இதில் கில்லரி இல்லை. ஈடன்ஸ் கர்ஸ் குழுவின் பால் லோக் சேர்ந்து எழுதியிருக்கிறார், டிரம்ஸ் லாப்ரீயின் மகன் சான்ஸ். பெரும்பகுதி அகூஸ்டிக் கிதார். சோதனைக்கு இதைவிட வசதியான ஆல்பம் கிடையாது: முதல் பாட்டு 'டெவில் இன் டிராக்', அதே பாட்டு கடைசியில், பதினோராவது தடமாக, எலெக்ட்ரிக் வடிவத்தில் மறுபடி வருகிறது. மெட்டு ஒன்று, படுகை வேறு. இரண்டையும் அடுத்தடுத்து போடுங்கள். மூச்சின் நீளம், வார்த்தையின் முடிவில் அவர் விடும் சின்ன அசைவு, இதெல்லாம் முதல் வடிவத்தில் எவ்வளவு கேட்கிறது, கடைசியில் எவ்வளவு மூடிப்போகிறது என்று பாருங்கள். நான் இவ்வளவு நேரம் எழுதியதன் முக்கால்வாசி அந்த இரண்டு தடங்களில் இருக்கிறது. பத்தாவதாக வரும் லெட் செப்பலின் 'ரேம்பிள் ஆன்' மட்டும் எனக்குத் தேவையில்லாத சேர்க்கையாகப் பட்டது. மரியாதையாகப் பாடியிருக்கிறார், அவ்வளவுதான்.

'எலிமென்ட்ஸ் ஆஃப் பர்சுவேஷன்' கடைசிக்கு. அந்தக் காலத்து நவீன மெட்டல் ஒலியை எட்டிப்பிடிக்கும் முயற்சியும் குரல் மேல் பூசிய எஃபெக்டுகளும் இன்று பழசாகத் தெரிகின்றன, 'ஸ்லைட்லி அவுட் ஆஃப் ரீச்' ஒன்றைத் தவிர. மல்மஸ்லர் இரண்டும் வேறு ரகம். மைக் கெனியலியின் கிதாரும் பிரையன் பெல்லரின் பேஸும் கொஞ்சம் ஜாஸ் பக்கம் சாயும், குரல் இன்னும் தேறிக்கொண்டிருப்பதும் கேட்கும். இவற்றுக்குப் பதிலாக 2008-இல் வந்த 'பிரைம் கட்ஸ்' தொகுப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது பழைய தடங்களின் பொறுக்கல்தான். மல்மஸ்லரின் இரண்டாவது ஆல்பத்தையே முழுசாகக் கேட்டுவிடுங்கள்.